எந்தக் கரை

— "காத்துக்குக் காலு இருக்காம்மா?"ன்னு கேட்டுச்சு எம் பொண்ணு. போன வருசம், இதே மார்கழில. "காலு இல்லாம எப்படி கரையத் தாண்டும்?"னு. நான் இன்னா தம்பி பதில் சொல்றது?

— அக்கா, அதெல்லாம் ஸ்கூல் முகாமுல போய்ப் பேசிக்கலாம். மொதல்ல கெளம்புங்க. வாடைக் காத்து ஏறிகினே போவுது.

— வந்ததுலேர்ந்து இதயே சொல்ற. நீ யாரு மொதல்ல?

— பஞ்சாயத்து ஆபீசு.

— பேரு?

— ...ஸ்ரீகாந்த்.

— சொந்தப் பேரச் சொல்ல இவ்ளோ நேரமா?

— குளிரு, அக்கா. வாய் ஒட்டிக்கிச்சு.

— பஞ்சாயத்து ஆளு வந்தா ரோட்டுமேலயே வண்டிய நிறுத்தி ஆரன் அடிப்பான். சேத்துல எறங்க மாட்டான். நீ முட்டி வரைக்கும் சேறு பூசிகினு வந்துகீற.

— புதுசா சேந்தவன் நான்.

— அதான் இன்னும் கெட்டுப் போவல.

— சிரிக்காதீங்கக்கா. ஏரி ரொம்பி, மிச்சத் தண்ணி கலங்கல் வழியா வெளிய போவுது. மதகாண்ட கரை ஓரமா கசியுது, பாத்துட்டுத் தான் வரேன். விடியறதுக்குள்ள பெரிய மழை வரும். எல்லா வூடும் காலி பண்ணிட்டாங்க. நீங்க மட்டும் தான் கீறீங்க.

— நான் மட்டும்னு யார் சொன்னது?

— உங்க பொண்ணு மீனா தான். ஸ்கூல் வாசல்ல நின்னுகினு கீறா. உள்ள போவ மாட்டேங்கறா. "எங்கம்மா வரல, எங்கம்மா வரல"ன்னு போறவங்க வரவங்க கிட்டல்லாம் சொல்லிகினு...

— சொட்டர் போட்டுகினு கீறாளா?

— கீறா.

— காதுக்குத் துணி?

— கட்டிகினு தான் கீறா.

— அப்ப போதும். ஸ்ரீலேகா டீச்சரு பாத்துக்கும். மத்தியானம் அது தான் வந்து எல்லாரயும் இட்டுகினு போச்சு. நல்ல பொண்ணு. நீ போ.

— நீங்க?

— ஆடு சினையா கீது. இன்னிக்கோ நாளைக்கோ. அத வுட்டுட்டு வரச் சொல்றியா?

— ஆட்டயும் இட்டுகினு போலாம்.

— எதுல? உன் வண்டிலயா?

— வண்டில தான்.

— நீ முன்னால, ஆடு நடுவுல, நான் பின்னால. உத்திரமேரூரு பஸ் ஸ்டாண்டே கை தட்டும்.

— தட்டட்டும்கா. ஊரு சிரிச்சா நமக்கு இன்னா?

— ...ஆடு சும்மா சாக்கு தம்பி. அது உனக்கே தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சும் ஆட்டுக்கு எடம் போடற. நல்ல ஆளு நீ.

— அப்ப வேற இன்னாக்கா? எதுக்கு வரமாட்டேங்கறீங்க?

— போன வருசமும் இப்படித் தான். போன்ல ஒருத்தன் பேசினான். வாட்ஸப்புல வரும்ல, "உத்திரமேரூர் வட்டார வானிலை"ன்னு. தெனமும் காலைல பேசுவான். இன்னிக்கு வெயிலு, நாளைக்குத் தூறலு, நெல்லு காய வெக்கலாம், வெக்க வேணாம்னு. தன்மையான கொரலு. எங்காளு, மீனாவோட அப்பன், அதக் கேட்டுட்டுத் தான் வேலைக்கே கெளம்புவாரு.

— ...ம்.

— அன்னிக்கு சொன்னான், "புயல் விடியற்காலைல கரையைக் கடக்குது, கரையோரம் இருக்கறவங்க உடனே பாதுகாப்பான எடத்துக்குப் போயிடுங்க"ன்னு.

— அது... அது கடற்கரை, அக்கா. புயலு கடல்லேர்ந்து தரைக்கு ஏறுறத அப்படித் தான் சொல்லுவாங்க. மாமல்லபுரம் பக்கம் கீறவங்களுக்கு சொல்றது.

— நான் கடலப் பாத்ததே இல்ல தம்பி. எங்களுக்குக் கரைன்னா ஒரே கரை. தோ, தலைக்கு மேல நிக்குது பாரு. அதுக்குக் கீழ தான் பொறந்தேன். அதுக்குக் கீழ தான் கண்ணாலம் கட்டிகினேன். கரையக் கடக்குதுன்னு சொன்னா எங்களுக்கு இன்னா அர்த்தம்? தண்ணி வருதுன்னு அர்த்தம். சோறு அடுப்புல வெந்துகினு கீது, அப்படியே வுட்டுட்டு ஓடினோம். மழைன்னும் சொல்ல முடியாது, பனின்னும் சொல்ல முடியாது. ரெண்டும் கலந்து மூஞ்சில ஊசி மாரி குத்துது. எங்காளுக்கு எளைப்பு. பத்தடி நடந்தா நிப்பாரு. அந்த மனுசன் பொண்ண தூக்கித் தோள்ல போட்டுகினாரு. கீற ஒரே கம்பளிய அவளுக்கு சுத்திட்டாரு.

— அக்கா, போதும்.

— கேளு. சாலவாக்கம் ரோட்டுல பாலத்தாண்ட உக்காந்தாரு. "நீ பொண்ண இட்டுகினு போ, நான் மூச்சு வாங்கிகினு பின்னால வரேன்"னாரு. அப்பவும் சிரிச்சுகினே தான் சொன்னாரு. டீக்கடை வேதகிரி அண்ணன் ஷட்டர தொறந்து வுட்டு, குழந்தைங்களுக்கெல்லாம் பாலு காச்சிக் குடுத்தாரு. அந்த மனுசன் நல்லா இருக்கணும். எங்காளுக்கும் ஒரு டம்ளரு வாங்கிகினு திரும்பிப் போனேன். பாலு சுடச்சுட கீது. குடிக்கறதுக்கு அவரு இல்ல.

— ...

— மறுநா வந்து பாத்தா வூடு அப்படியே கீது. ஒரு ஓலை கூட பறக்கல. கரைலேர்ந்து ஒரு சொட்டு எறங்கல. அடுப்பாண்ட குந்திகினு இருந்திருந்தாருன்னா இன்னிக்கும் இருமிகினே என்ன வைதுகினு இருப்பாரு. அன்னிலேர்ந்து பொழுது விடியுது. எதுக்கு விடியுதுன்னு தெரியல. அந்த ரோட்டுல இன்னொரு தபா என்னால போவ முடியாது. தண்ணி வந்தா வரட்டும்.

— மீனாவுக்கு யாரு கீறாங்க?

— எங்க சாமி கன்னியம்மா கீறா. தோ, வெளக்கு ஏத்தி வெச்சுகீறேன்.

— கன்னியம்மா வந்து காதுக்குத் துணி கட்டி வுடுவாளா?

— ...வாய் நீளுது உனக்கு.

— தப்பு தான். மன்னிச்சிடுங்க.

— சாமிய இழுக்காத. அவளும் இந்தக் கரைக்குக் கீழ தான் கீறா.

— சரிக்கா.

— ஒண்ணு கேக்கறேன், அதுக்கு பதில் சொல்லு. கரை ஒடையுமா, ஒடையாதா?

— வடகிழக்குத் திசைலேர்ந்து பலமான காத்து வீசும். விட்டு விட்டு மிதமானது முதல் கன...

— தோ!

— இன்னாக்கா?

— தோ, அந்தக் கொரலு. "விட்டு விட்டு." வாசல்ல நின்னு "யாராச்சும் கீறீங்களா"ன்னு கூப்ட பாரு, அப்பவே தெரியும். தெனம் காலைல இந்த வூட்டுல கேட்ட கொரலு. எங்காளு கூட என்கிட்ட அவ்ளோ பேசினதில்ல.

— ...தினேஷ்குமாரு, அக்கா. எம் பேரு.

— எதுக்கு மறைச்ச?

— பேரச் சொன்னா நீங்க யாரும் எங்கூட வர மாட்டீங்கன்னு...

— எங்களுக்கு உம் பேரா தெரியும்? கொரலு தான தெரியும். பேர மாத்தி இன்னா பண்றது, கொரல இல்ல மாத்தியிருக்கணும்!

— ...

— அழுவாத. ஆம்பள அழுதா எனக்குப் பேஜாரா இருக்கும்.

— அது என் வார்த்தை கூட இல்லக்கா. கடலோரத்துக்கு வந்த எச்சரிக்கைய அப்படியே பாத்துப் படிச்சேன். எந்த ஊருக்குப் பேசறோம்னு நெனக்கல. அதுக்கப்புறம் பேசறதயே வுட்டுட்டேன். போன எடுத்தாலும் கீழ வெச்சுடுவேன். "கடல்"னு ஒரு வார்த்தை சேத்திருந்தா...

— சேத்திருந்தா எங்காளு இன்னிக்கு இருந்திருப்பாரு.

— ஆமாக்கா.

— ...ஆமான்னு சொல்லிட்ட. வேற ஒருத்தரும் ஆமான்னு சொல்லல. விதி, காலம், கடவுள் சித்தம்னு தான் சொன்னாங்க. என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. கரை ஒடையுமா?

— தெரியாதுக்கா.

— இன்னா?

— சத்தியமா தெரியாது. மழை வரும், அது தெரியும். குளிரு எலும்பு வரைக்கும் எறங்கும், அதுவும் தெரியும். கரை தாங்குமான்னு எனக்குத் தெரியாது. தாங்கிச்சுன்னா நாளைக்குக் காலைல என்ன நிக்க வெச்சு திட்டுங்க. தாங்கலன்னா... திட்டறதுக்கு நீங்க இருக்கணும். அந்த ரோடு வேணாம். அந்தப் பாலம் வேணாம். பெருமாள் கோயில சுத்திகினு வரப்பு மேலயே போலாம். வண்டியத் தள்ளிகினு தான் போவணும், நேரமாவும். ஆனா அந்த எடம் வராது.

— வரப்பு வழி உனக்கு எப்படித் தெரியும்? டவுன் புள்ள நீ.

— வரும்போதே அப்படித் தான் வந்தேன். அந்தப் பாலத்தாண்ட எனக்கும் வண்டி ஓட மாட்டேங்குது.

— அதான் இந்தச் சேறா...

— அதான். போலாமாக்கா?

— இரு. யோசிக்கறேன். ...வெளிய தூறல் ஆரம்பிச்சிடுச்சா?

— இப்ப தான்.

— மழையா, பனியா?

— ரெண்டும் கலந்து தான் வுழுது.

— அவ இன்னமும் வாசல்லயே நின்னுகினு இருப்பாளா?

— நான் வரும்போது நின்னா. டீச்சரு கையப் புடிச்சு இழுத்தும் வரல. உங்கள மாரியே புடிவாதம்.

— என்ன மாரி இல்ல. அவங்கப்பன மாரி. ...அந்தக் கயித்த எடு.

— எந்தக் கயிறு?

— ஆட்டுக் கயிறு. வேற எந்தக் கயிறு? மெதுவா. வயித்துல கை படாம புடி.

— ஒதைக்குதுக்கா!

— ஒதைக்கும். உன்ன நெசமாவே பஞ்சாயத்து ஆளுன்னு நெனச்சுகினு கீது.

— சாக்கப் போட்டு மூடட்டுமா? நனையப் போவுது.

— மூடு. வெளக்கு எரியட்டும், அணைக்காத. கன்னியம்மாவுக்காச்சும் வெளிச்சம் இருக்கட்டும்.

— பாத்து, வரப்பு வழுக்கும். என் தோளப் புடிச்சுக்கங்க. ...அக்கா, உங்கள ஸ்கூல்ல வுட்டுட்டு, மழை நின்ன ஒடனே நான் தாலுக்கா ஆபீஸ் போலாம்னு கீறேன்.

— எதுக்கு?

— போன வருசம் விசாரிச்சாங்கல்ல, ஜனங்க எதுக்கு வூட்ட வுட்டு ஓடினாங்கன்னு. எம் பேரு வரும், எம் பேரு வரும்னு காத்துகினு கீறேன். தெருவுல ஜீப்பு சத்தம் கேட்டா எந்திரிச்சு சட்ட போட்டுக்குவேன். அம்மா எங்கடா போறன்னு கேப்பாங்க. ஒருத்தரும் வரல. என் பேச்சு உங்க போன்லயே இருந்திருக்குமே? ஏன் யாரும் என்னத் தேடி வரலன்னு இன்னிக்கும் புரியல.

— ஆட்டப் பாரு, நழுவுது.

— புடிச்சுகினு தான் கீறேன். நீங்க சொல்லுங்க.

— எங்க எல்லாருக்கும் சேத்து ஒரே போனு தான் தம்பி, எங்காளுது. அதுல கேட்டுட்டு அவரு தான் வூடு வூடா போயி சொன்னாரு. ஆபீசருங்க வரதுக்கு மின்னாடி, யாரும் பாக்காத நேரமா பாத்து, அத ஏரில போட்டுட்டேன். வந்து கேட்டாங்க. "யாரும் சொல்லல சார், நாய்ங்க கொலைச்சுது, பயந்துகினு நாங்களா தான் கெளம்பினோம்"னேன். ஏன்னா, அதுக்கு முந்தின தை மாசம் ஒரு நாளு நீ பேசின. "ஏரிக்கரைக்குக் கீழ கீற இருளர் குடிசைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை, இன்னிக்குப் பனி ஜாஸ்தி, குழந்தைங்கள வெறுந்தரைல படுக்க வெக்காதீங்க"ன்ன. மைக்குல ஆவட்டும், ரேடியோல ஆவட்டும், ஓட்டு கேக்க வந்தவன் வாய்ல ஆவட்டும், எங்களக் கூப்ட்டு எங்களுக்குன்னு ஒருத்தனும் ஒரு வார்த்தை சொன்னதில்ல தம்பி. அன்னிக்கு மீனாவுக்கு அனலா காய்ச்சலு, தரைல கெடந்துது. தூக்கி மடில போட்டுகினேன், பொழைச்சுது. அந்தக் கடன அன்னிக்கே ஏரில தீத்துட்டேன்... நீ எங்கயும் போயி ஒண்ணும் சொல்ல வேணாம், வண்டியத் தள்ளு.