மூட்டையின் நடுவில் இருந்த விதை

உட்காருங்கள். தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். இந்த அடுப்பு எங்கள் மாப்பிள்ளை மாதிரி. சூடு பிடிக்கத் தாமதமாகும், பிடித்துவிட்டால் லேசில் இறங்காது.

தங்கை தையற்கடையிலிருந்து வர மாலையாகிவிடும். மாப்பிள்ளை அச்சகத்தில் இருப்பார். குழந்தைகள் இல்லத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து கேட்கிறீர்கள். போன முறை எல்லாக் கையெழுத்தும் ஆன பிறகு என் தங்கை ஏன் பிள்ளை வேண்டாம் என்றாள், இந்த முறையாவது நம்பிக் கொடுக்கலாமா என்று. நியாயமான கேள்விதான். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. நான்தான் வளர்த்தேன். எனக்கு வந்த வரன்களை யாரும் தட்டிக்கழிக்கவில்லை, நானேதான் கழித்தேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை என்னையும் இந்த வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சாது. தட்டில் என்ன விழுகிறதென்று பார்க்காமல் சாப்பிடுகிற மனிதர். அவரால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

தங்கைக்கு இரண்டு தடவை கர்ப்பம் தங்கவில்லை. குறை ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவளோ தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, ராசியில்லாத கை என்பாள். மொட்டைமாடியில் அவள் போட்ட பூசணிக்கொடியும் அதற்குத் தோதாகவே நடந்துகொண்டது. பிஞ்சு பிடிப்பதுபோல இருக்கும், மஞ்சளாகி உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. தொட்டி மண்ணிலேயே புதைப்பாள்.

நான் நாற்றுப்பண்ணையில் விதை புடைத்துப் பொட்டலம் போடுகிறவள். எனக்குக் காரணம் தெரியும். இந்தத் தெருவில் தேனீ கிடையாது, தேனீ தொடாமல் பூசணி காய்க்காது. கையைக் குற்றம் சொல்லாதே, தேனீக்கு ஒரு வழி பண்ணு என்று அவளுக்குச் சொன்னேன். பண்ணையில் ஒரு காட்டுச்செடியின் விதை இருந்தது. ரயில் பாதை ஓரம் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக நிற்குமே, அது. இந்த மலை மண்ணின் சொந்தச் செடி. ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் மேலே காய்ந்தாலும் வருஷா வருஷம் அதே வேரிலிருந்து எழும். தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அது என்றால் உயிர். ஒரு பிடி விதை கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

அப்போதுதான் மாப்பிள்ளை தத்தெடுப்பது பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். அவளுக்கு ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். என்னிடம் வந்து நின்றாள்.

"அப்ப முதல்ல இந்த விதையப் பொழைக்க வெச்சுக் காட்டு," என்றேன். "அது பொழைச்சா பிள்ளையத் தூக்கு."

வாய் வார்த்தைக்குச் சொன்னது. அவள் அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டாள்.

அந்த விதை சும்மா முளைக்காது. ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது என்று அதை நம்பவைக்க வேண்டும். ஈரமணலில் கலந்து, துணியில் மூட்டை கட்டி, ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் வைக்கச் சொன்னேன். சொன்னபடி வைத்தாள். போகும்போதும் வரும்போதும் திறந்து, ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். பாலை எடுக்கக் கதவைத் திறந்தால்கூட உள்ளே பிள்ளை தூங்குகிறது, மெதுவாகச் சாத்துங்கள் என்கிறாள் என்று மாப்பிள்ளை கேலி செய்வார். நானும் சிரித்தேன். அதுவரை எனக்கு ஒன்றுமில்லை.

அந்த மாதத்தில்தான் உங்கள் இல்லத்துக்குப் போனோம். சுருட்டை என்று நீங்கள் எல்லாரும் கூப்பிட்ட அந்தப் பெண் குழந்தை நேராக வந்து என் தங்கையின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். நான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்றிருக்கிறேன். அந்த முகத்தை எனக்கு அவள் ஒருநாளும் காட்டியதில்லை. அப்படி ஒரு முகம் அவளிடம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அக்கா, உன் ரூம்லதான் காலை வெயில் வருது. அதைச் சுருட்டைக்கு விட்டுடலாமா? நீ முன்னறைக்கு வந்துக்கறியா?"

வந்துக்கிறேன் என்றேன். முன்னறையும் நல்ல அறைதான்.

இப்போது பொறாமை என்று ஒரு வார்த்தை உங்கள் வாய்வரை வந்திருக்கும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவள் என்று தோன்றும். அது அப்படியில்லை. பெறாத பிள்ளையை வளர்ப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அது ஆளையே தின்றுவிடும். தின்ற பிறகு ஒருநாள் பேருந்தில் தோளில் சாய்ந்துகொண்டு, அறையை விட்டுத்தா என்று கேட்கும். அந்த வலி அவளுக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

அவள் விதைப்பதாகச் சொன்ன நாளுக்கு முதல்நாள் தையற்கடைக்குப் போயிருந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து மூட்டையை எடுத்துப் பாத்திரத்தில் வைத்துக் கொதிநீரை ஊற்றினேன். தோல் கெட்டியான சில விதைகளைப் பண்ணையில் வெந்நீரில் போட்டு எழுப்புவோம். வெந்நீர் எழுப்பும், கொதிநீர் தூங்கப்பண்ணிவிடும். வித்தியாசம் அவ்வளவுதான். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆறவிட்டு, வடித்து, அவள் போட்ட அதே முடிச்சைப் போட்டு வைத்துவிட்டேன். அந்த முடிச்சு நான் கற்றுக்கொடுத்தது.

மறுநாள் தட்டில் மண் பரப்பி அதன்மேல் விதையைத் தூவினாள். மண் போட்டு மூடக் கூடாது, அதற்கு வெளிச்சம் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். தண்ணீரைப் பனி மாதிரி தெளிக்கச் சொன்னேன். எதையும் நான் தப்பாகச் சொல்லித்தரவில்லை. அவள் தினமும் தட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நெற்றி மண்ணில் படும்படி குனிந்து பார்த்தாள். கூடவே குட்டிச் சட்டைகளும் தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தைப்பதை நிறுத்தினாள். தட்டைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு காலை அவளுக்கு முன்னால் நான் மாடிக்குப் போனேன். ஒன்று வந்திருந்தது. மூட்டை பெரிது, நடுவுக்குச் சூடு எட்டவில்லை. இரண்டு இலை, ஊசிமுனை அளவு, விதைத்தோலைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. நுனிவிரலால் மண்ணோடு அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"ஏதாவது வந்திருக்காக்கா?"

"இல்லம்மா."

அன்றைக்கே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். அழவில்லை, தெளிவாகச் சொன்னாள்.

"வேண்டாங்க. ஒரு விதை என்னை நம்பி வரமாட்டேங்குது. அந்தப் பிள்ளைய நான் தொடவே கூடாது."

சுருட்டை வேறு வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நல்ல வீடாக இருக்கும். நான் என் அறையிலேயே இருக்கிறேன்.

முந்தானையில் இருந்ததைத் தூக்கி எறிய எனக்குக் கை வரவில்லை. பண்ணையில், தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால், உடைந்த வாளி ஒன்றில் நட்டுவைத்தேன். முதல் வருஷம் இலை மட்டும்தான். அவசரக்காரர்கள் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். அடுத்த வருஷம் ஊதாவாகப் பூத்தது. தேனீ, கருவண்டு, பெயர் தெரியாத பச்சைப் பூச்சி எல்லாம் வந்து மொய்த்தன. மதியச் சோற்றை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். உனக்குக் கைராசி என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. வளர்த்தது நான்தானே.

நீங்கள் சொல்லியனுப்பிய ஆண் குழந்தையின் படத்தை அவள் இப்போது தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கடைசியாக ஒரு தடவை பார்க்கிறேன் அக்கா, விதை கொண்டுவா என்றாள். அவள் கேட்டு நான் இல்லையென்று சொன்னதே கிடையாது. என் வாளிச் செடியின் விதையைத்தான் கொண்டுவந்து கொடுத்தேன். இதைவிட நல்ல விதை எங்கேயும் கிடைக்காது. ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் ஆகிவிட்டது, நாளைக்கு விதைக்கிறாள்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வது எதற்கென்றால், நீங்கள் காத்திருந்து ஏமாறக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு வேறு வீடு பாருங்கள். நான் சொன்னதை அவளிடம் சொல்வதென்றாலும் சொல்லுங்கள், நம்பமாட்டாள். அம்மா ஸ்தானத்தில் இருக்கிறவளைப் பற்றி யார் சொன்னால் நம்புவாள்? இந்த முறை மூட்டையைச் சின்னச் சின்னதாக இரண்டாகக் கட்டச் சொல்லியிருந்தேன். அப்படியே கட்டியிருக்கிறாள். நான் சொன்னதை அவள் தட்டுவதே இல்லை.

தண்ணீர் கொதித்துவிட்டது. சர்க்கரை ஒரு கரண்டியா, இரண்டா? தாராளமாகச் சொல்லுங்கள். உங்களுக்குத் தேநீர் போட்டதுபோக மீதி போதும்.