வண்டிக்குக் குறுக்கே அக்கா

"அந்த வண்டிக்கு நான்தான்டா இடைஞ்சல்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டதும் திரும்பினேன். செங்கல்பட்டு ஸ்டேஷன் டிக்கெட் கூடத்தில், பெஞ்சில் ஓர் அம்மாள். பக்கத்தில் சாதாரணச் சக்கர நாற்காலியில், கறுப்புக் கண்ணாடி போட்ட அவருடைய தம்பி. நாற்பது வயதிருக்கும். அன்று ஒரு காலேஜில், பார்வையும் நடையும் இல்லாதவர்களுக்கென்று மாணவர்கள் செய்த மோட்டார் நாற்காலியை அவரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்களாம்.

"எதிர்ல எது வந்தாலும் அதுவா நின்னுடும்னு சொன்னாங்க இல்லக்கா. நீ இன்னாத்துக்கு முன்னாடி நடந்துகினு இருந்த?"

"தள்ற வேலதான் இல்லியே. வழியாச்சும் பாத்துச் சொல்லலாம்னு போனேன். நாலு வாட்டி நின்னுச்சு. அப்பால அந்தக் காலேஜ் பொண்ணு ஒண்ணு வந்து என்னை ஓரமா நிக்க சொல்லிச்சு."

"நீ நகந்ததும் போச்சு இல்ல?"

"போச்சு. வராண்டா கோடி வரைக்கும் போன. அக்கான்னு ஒருவாட்டி கூப்புடல."

தம்பி, "தோணலக்கா" என்றார்.

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீ குடிக்கிறியா?"

"ம்."

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து டீக்கடைப் பக்கம் திருப்பியவர், அதோடு கையை எடுத்துவிட்டார்.

"நேரா பத்தடிதான். குறுக்க யாரும் இல்ல. நீயே உருட்டிக்கினு போ. நான் இங்கியே உக்காந்துகினு கீறேன்."