திகனயா, நுவரெலியாவா

மதலேனா: நுவரெலியாதான்! அதுல என்னா பேச்சு? புள்ள தோஹாவுலருந்து லீவுல வந்திருக்கான். நீங்க துரைமாரு மட்டைப் பையச் சொமந்த அதே கிரவுண்டுல அவன் கோல்ஃப் வெளையாடணும். நான் கண்ணால பாக்கணும்.

அந்தோனிமுத்து: அங்க மழைடி.

மதலேனா: ஏன், நம்ம ஹந்தானையில வெயிலா கொளுத்துது?

அந்தோனிமுத்து: அந்த மழை வேற. தரை ஊறிக் கெடக்கும். பந்து உருளாது.

அன்ட்ரூ: அம்மா, அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்... விடுங்களேன்.

மதலேனா: நீ சும்மா இரு தம்பி. சரி, அப்ப திகன கோல்ஃப் கிரவுண்டு. இந்தா கெடக்கு, கிட்டக்க.

அந்தோனிமுத்து: திகனயா... அங்க வெயிலு. மண்டையப் பொளக்கும்.

மதலேனா: அங்க மழை, இங்க வெயிலு! தோஹாவுல மட்டும் பனியா பெய்யிது? அந்த வெயில்லயே மொதலாளிமாரோட வெளையாடுறவன் இவன்!

அன்ட்ரூ: தெனமும் இல்லம்மா... எப்பவாச்சும்...

மதலேனா: எப்பவாச்சுமா? அந்தப் போட்டோவுல மட்டையப் புடிச்சுக்கிட்டு நிக்கிற நிப்பப் பாரு! மாதா சுரூவத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். கோயில்ல எல்லாருக்கும் காட்டியாச்சு.

அந்தோனிமுத்து: கம்பளைச் சந்தையில மீன் விக்கிறவனுக்கும் காட்டியாச்சு. அதையும் சொல்லு.

மதலேனா: காட்டுவேன். பை தூக்குனவன் மகன் பந்து அடிக்கிறான்னா சும்மாவா? சாந்தகுமார் அண்ணன்கிட்டயும் போன்ல சொல்லிட்டேன்.

அந்தோனிமுத்து: எந்தச் சாந்தகுமாரு?

மதலேனா: ஒங்களோட பை தூக்குனவரு. இன்னும் நுவரெலியாவுலதான தூக்குறாரு? ஞாயித்துக்கெழம வர்றோம்னேன். மனுசனுக்குச் சந்தோசம் தாங்கல. பழைய ஆளுங்க எல்லாரையும் கூட்டியாந்து பாக்க வைக்கிறாராம்.

அந்தோனிமுத்து: ஒன்னைய யாருடி சொல்லச் சொன்னா!

அன்ட்ரூ: அம்மா... ஏம்மா...

மதலேனா: என்னா, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி? ஏங்க... மகன் வெளையாடுறதப் பாக்க ஒங்களுக்கு எரிச்சலா?

அந்தோனிமுத்து: எரிச்சலா? எனக்கா? ... போ, போயித் தேத்தண்ணி ஊத்து. தொண்ட காயுது.

மதலேனா: ஊத்துறேன். நான் வர்றதுக்குள்ள முடிவு சொல்லணும். ஊரு முன்னாடி எம்மானத்த வாங்கிராதீங்க.

அன்ட்ரூ: ... அப்பா.

அந்தோனிமுத்து: ம்.

அன்ட்ரூ: அம்மா சொன்னது நெசமா? நான் வெளையாடுறது ஒங்களுக்குப் புடிக்கலயா?

அந்தோனிமுத்து: அவ கெடக்கா.

அன்ட்ரூ: அப்ப ஒண்ணு செய்வோம்... நுவரெலியாவுக்கே போவோம். மட்டையெல்லாம் வாடகைக்கு எடுக்கலாம். ஆனா நீங்க அடிங்க. பைய நான் தூக்குறேன்.

அந்தோனிமுத்து: நானா?

அன்ட்ரூ: ஏன், அடிச்சதே இல்லயா?

அந்தோனிமுத்து: துரைமாரு போனப்பொறகு... பொழுது சாயிறப்ப நானும் சாந்தகுமாரும், ஒடஞ்ச மட்டையால... டேய், ஒங்கம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. அது சரி, நீ ஏன் அடிக்கல?

அன்ட்ரூ: தோள்பட்ட நோவுதுப்பா.

அந்தோனிமுத்து: தோள் நோவுறவன் பையத் தூக்குறியா?

அன்ட்ரூ: ... மத்தத் தோள்ல.

அந்தோனிமுத்து: கையக் காட்டு.

அன்ட்ரூ: என்னத்துக்குப்பா?

அந்தோனிமுத்து: காட்டுடா. ரெண்டையும்... கோல்ஃப் அடிக்கிறவன் ஒத்தக் கையில மட்டும் உறை போடுவான். மணிக்கட்டுக்குக் கீழ அந்தக் கை வெளுத்திருக்கும். எத்தன பேரு கையப் பாத்திருப்பேன்! ஒனக்கு ரெண்டும் ஒரே கறுப்பு. ஏர்போட்டுல கட்டிப் புடிச்சப்பவே பாத்துட்டேன்.

அன்ட்ரூ: அப்பா... அதான் மழைன்னும் வெயிலுன்னும்...

அந்தோனிமுத்து: மெதுவாப் பேசு, அவ வர்றா. ஒனக்குத் தோள் நோவுதுன்னே நானும் அவகிட்ட சொல்றேன். நுவரெலியாவுக்கே போவோம். சாந்தகுமாருக்கும் ரெண்டு பந்து குடுப்போம்... அப்புறம் தம்பி, அந்தப் போட்டோவுல நீ புல்ல நல்லா வெட்டியிருக்கடா. ஒரு எடத்துல கூட மேடு தட்டல.