புளி போட்டுத் தேய்த்த டிரம்பெட்

காலை ஏழு இருபதுக்குச் சித்தூர் பேருந்து நிலையத்தில், பக்கத்து பெஞ்சுக்காரர் தன் டிரம்பெட்டை ஊதிப் பார்த்தார். கன்னம்தான் உப்பியது, சத்தம் வரவில்லை. ஆன்லைனில் வாங்கிய சைனா டிரம்பெட். திருப்பதியில் ஒரு கல்யாணத்தில் பேண்டோடு வாசிக்க அன்றுதான் அவருக்கு முதல் வாய்ப்பாம்.

"இத இன்னா பண்ண?" என்று மனைவியைக் கேட்டார்.

"பித்தளதானே! குத்துவிளக்கோட சேத்துப் புளி போட்டுத் தேச்சேன்."

"உள்ள கீற மூணு வால்வையுமா கழட்டின?"

"கழட்டி, தேச்சி, திரும்ப மாட்டிட்டேன்."

"போச்சு. மாஸ்டர் வேற ஆளக் கூட்டிக்கினு போய்டுவாரு."

"புளிக்கே சத்தம் போச்சின்னா அது இன்னா வாத்தியம்?"

என் மகளும் அன்றுதான் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் முதல் வேலைக்குப் போயிருந்தாள். போய்ச் சேர்ந்தாளா என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

பேண்டு வேன் வந்தது. மாஸ்டர் இறங்கி, விஷயத்தைக் கேட்டு, வால்வுகளை உருவி, அவற்றில் பொறித்திருந்த எண்களைப் பார்த்தார். ஒன்றாவதும் மூன்றாவதும் இடம் மாறியிருந்தன. மாற்றிப் போட்டு ஊதினார். நிலையமே திரும்பிப் பார்த்தது.

"ஏறு நைனா," என்றார் அவரிடம். பிறகு பளபளப்பைத் தடவிக்கொண்டே மனைவியிடம், "எம்மா, எங்க வாத்தியத்தையும் தேச்சிக் குடு. வால்வ மட்டும் தொடாத."