நகராத முள்ளும் நழுவுகிற பேண்ட்டும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே! மருந்துக்கடை வைத்து ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்து, மாலை வாங்கிய கழுத்தோடு மூச்சும் வாங்கி, இந்தக் குட்டி மேடை ஏறியதற்கே மூன்று முறை முகம் துடைத்த எங்கள் நடைப்பயிற்சி மன்றத்தின் நிரந்தரத் தலைவர் அவர்களே!

முன்வரிசையில் முழங்காலைத் தடவியபடி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பின்வரிசையில் நின்றுகொண்டு "கிழவன் எப்போ முடிப்பான்" என்று முணுமுணுக்கும் இளையோர்களே! கேக்குதுப்பா. முட்டிதான் போச்சு, காது இன்னும் போகல.

தாய்மார்களே! வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சத்தைக் கொட்ட மனமில்லாமல் வாயில் போட்டு, அதை அப்படியே இடுப்பில் பத்திரப்படுத்தும் தாய்மார்களே! கோபப்படாதீங்கம்மா. என் வீட்டுக்காரியும் உங்க நடுவுலதான் உக்காந்திருக்கா. தையற்கடை வைத்திருக்கும் அந்த அம்மையாருக்கு இன்று என் மேல் இருக்கும் கோபத்துக்கு முன்னால் உங்கள் கோபம் ஒன்றுமே இல்லை.

இறுதியாக, இதோ இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, தலைவருக்கே தலைமை தாங்கும் என் உடன்பிறந்த அக்கா அவர்களே! கையக் காட்டு அக்கா. பாத்தீங்களா? அதான் எங்க அக்கா.

உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். பணிவு என்றால் குனிய வேண்டும். குனிந்தால் பேண்ட் கழன்றுவிடும். ஆகவே நிமிர்ந்தபடியே பணிவான வணக்கம்.

சிரிங்க, நல்லா சிரிங்க. ஒரு கையில் மைக், மறு கையில் பேண்ட். இப்படி ஒரு பேச்சாளனை எந்த மேடையாவது தாங்கியிருக்கிறதா? எனக்கு பெல்ட் வாங்க வக்கில்லையா? வீட்டில் இருக்கிறது. வேண்டுமென்றே கட்டாமல் வந்தேன். ஏன் என்று சொல்லத்தான் மேடை ஏறினேன்.

தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? "எடை இறங்காமல் நின்றுவிட்டால் மனம் தளராமல் இருப்பது எப்படி?" இதை எனக்கு ஏன் கொடுத்தார்? எடை இறங்கியவர்கள் எல்லாம் பழைய போட்டோவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் பெருமை பேசப் போய்விட்டார்கள். எடை ஏறியவர்கள் மன்றத்துப் பக்கமே வருவதில்லை. ஏறாமலும் இறங்காமலும் நட்ட கல்லாய் நின்றவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான்.

கதையைக் கேளுங்கள். என் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் படி இறங்க முடியாது. இந்தக் கட்டடத்திலோ லிப்ட் கிடையாது. கட்டியவர் எப்போதும் இளமையாகவே இருப்பார் போலிருக்கிறது! அக்காவால் இறங்க முடியவில்லை. என் முட்டியால் ஏற முடியவில்லை. அவள் ஜன்னலில், நான் நடுத்தெருவில். எங்கள் குடும்ப ரகசியம் எல்லாம் இந்தத் தெருவுக்கே பாடமான கதை உங்களுக்குத் தெரியாததா? என் மலச்சிக்கலைப் பற்றி என்னை நிறுத்தி விசாரிக்காதவர் இங்கே யாராவது உண்டா?

போனில் முகம் பார்க்கலாமே என்கிறீர்களா? பார்த்தேனே! எங்க அக்கா போனைக் காதில் வைத்துத்தான் பேசுவாள். வீடியோ முழுக்க அவள் காதைத்தான் பார்த்தேன். தோடு நன்றாகத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்க்க வேண்டாமா?

"டேய் தம்பி, மேலேர்ந்து பாத்தா உன் வழுக்கதாண்டா தெரியுது. மூஞ்சியப் பக்கத்துல பாத்து எவ்வளவு நாளாச்சு? ஏறி வாடா"ன்னு கத்துவா.

எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் முட்டியைத் தட்டினார், படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஐயா, இந்த உடம்போட மாடிப்படி பக்கமே போகாதீங்க. எண்பதுக்குக் கீழ வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

எண்பது! அதையே மனதில் எழுதிக்கொண்டேன். எண்பதுக்குக் கீழே வராமல் டாக்டர் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சபதம் செய்தேன். இனிப்பை விட்டேன். எண்ணெயை விட்டேன். ராத்திரிச் சோற்றை விட்டேன். அதிகாலையில் உங்களோடு நடந்தேன். சாயங்காலம் நாய்களோடு நடந்தேன். எடை மெஷின் முள் இறங்கியது ஐயா! தொண்ணூற்றைந்திலிருந்து தொண்ணூறு, தொண்ணூறிலிருந்து எண்பத்தாறு, ராஜா இறங்குவதுபோல் இறங்கியது. இறங்கி, எண்பத்தாறில் உட்கார்ந்தது.

உட்கார்ந்தது என்றால் உட்கார்ந்தது! பாய் விரித்து, தலையணை போட்டுப் படுத்தேவிட்டது. நடந்தேன், நகரவில்லை. ஓடினேன், அதாவது ஓடுவதாக நினைத்துக்கொண்டேன், நகரவில்லை. சட்டையைக் கழற்றி ஏறினேன். கண்ணாடியைக் கழற்றி ஏறினேன். கண்ணாடி இல்லாததால் முள்ளே தெரியவில்லை, வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். "அதே எண்பத்தாறுதாங்க" என்று பாத்திரம் தேய்த்தபடியே சொன்னாள். எட்டிக்கூடப் பார்க்கவில்லை!

இந்தக் கொடுமை போதாதென்று வந்தார்கள் பாருங்கள் ஆலோசகர்கள்! ஒருவர் தண்ணீர் நிறையக் குடி என்றார். இன்னொருவர் தண்ணீர்தான் எடை, குறை என்றார். ஒருவர் அதிகம் தூங்கு என்றார். ஒருவர் தூங்கியே கெட்டாய் என்றார். நம் தலைவர் என்னைத் தனியாக அழைத்து, "மெஷினை மாத்திப் பாருங்களேன்" என்றார். தலைவரே, நீங்க மெஷின் மாத்தினது எனக்குத் தெரியும். உங்க வீட்டு மெஷின்ல ஏறினா நான்கூட அழகன்தான்.

சரி, முள் பொய் சொல்லலாம், பேண்ட் பொய் சொல்லுமா? அதுதான் என் கடைசி நம்பிக்கை. ஒவ்வொரு நாளும் துவைத்து மடித்த பேண்ட்டை எடுத்து மாட்டுவேன். ஒரு விரலாவது உள்ளே நுழைகிறதா என்று பார்ப்பேன். நுழையாது! தைத்து வைத்ததுபோல் கச்சிதமாக இருக்கும். சட்டையும் அப்படியே. அப்போ என்ன அர்த்தம்? நான் பட்ட பாடெல்லாம் பாழ். இந்த உடம்பு இனி இறங்கவே இறங்காது.

ஒருநாள் வெயிலில் இதே இடத்தில், இந்த மேடை போட்டிருக்கும் இதே இடத்தில் வந்து நின்றேன். அண்ணாந்து பார்த்தேன்.

"அக்கா, என்னால முடியல. எவ்வளவோ பாத்துட்டேன். நீ மேலயே இரு, நான் கீழயே இருந்துக்கறேன். இப்படியே பேசிக்கலாம். நடக்கறத நாளையிலேர்ந்து விட்டுடறேன்."

அக்கா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். அப்புறம் கத்தினாள்:

"டேய், நில்லு. அசையாத. உன் செருப்பு தெரியுதுடா!"

எனக்கு வந்ததே ஆத்திரம்! நான் உயிரைக் கொடுத்துப் பேசுகிறேன், இவள் செருப்பைப் பார்க்கிறாள். "பழைய செருப்புதான் அக்கா, புதுசு ஒண்ணும் வாங்கல" என்றேன்.

"அட மடையா, அது இல்லடா. இவ்வளவு நாளும் மேலேர்ந்து பாத்தா தலை தெரியும், அப்புறம் தொப்பை தெரியும், அதோட நீ முடிஞ்சே. உனக்குக் கால் இருக்குன்னே மறந்துட்டேன். இன்னிக்கு ரெண்டு செருப்பும் தெரியுது, கட்டவிரலும் தெரியுது. நகத்த வெட்டு, அசிங்கமா இருக்கு!"

சபையோரே, குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரிந்தது! என் கால் கட்டைவிரல்! அப்படியானால் தொப்பை எங்கே போனது? தொப்பை போனது உண்மையென்றால் இந்தப் பேண்ட் ஏன் இன்னும் இடுப்பைக் கவ்விக்கொண்டிருக்கிறது?

வீட்டுக்கு விரைந்தேன். கதவைச் சாத்தினேன். பேண்ட்டைக் கழற்றி உள்புறம் வெளியே திருப்பினேன். அங்கே பார்த்தால், பின் தையலில் ஒரு மடிப்பு. அந்த மடிப்புக்குள் இன்னொரு மடிப்பு. அதற்குள்ளும் ஒன்று! அலமாரியைத் திறந்தேன். எல்லாப் பேண்ட்டிலும் மடிப்பு. சட்டையின் இரு பக்கமும் மடிப்பு.

"ஏம்மா! இது என்ன வேலை?" வேட்டைக்காரன்போல் பேண்ட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளாடையோடு, வீட்டு முன்னறையில் இருக்கும் தையற்கடைக்குள் நுழைந்தேன். நல்லவேளை, வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஒருத்தி இருந்தாள், அவள் எழுந்து ஓடிவிட்டாள்.

என் வீட்டுக்காரி மிஷினை நிறுத்தவில்லை. "என்ன வேலை? லூசாயிருந்துச்சு, பிடிச்சேன். அயர்ன் பண்றதுக்கு முன்னாடி ஒரு தையல், அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தையல்காரி புருஷன் தொளதொளன்னு தெருவுல போனா எங்கிட்ட எவ துணி குடுப்பா? உங்களுக்கு மானம் இல்ல, எனக்கு இருக்கு."

"அடிப்பாவி! நான் இளைச்சதை எங்கிட்டேர்ந்தே மறைச்சுட்டியே!"

"மறைச்சேனா? எல்லாம் உள்ளதான் மடிச்சு வச்சிருக்கேன், எங்கயும் போயிடல." அப்போதுதான் மிஷினை நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேங்க. உங்க உடம்பு உங்களுக்கே தெரியாதா?"

மேடையில் என்னை மடக்க ஆளில்லை. உள்ளாடையோடு நிற்கும்போது மடக்கிவிட்டாள். கை தட்டாதீங்க, அவளுக்குத் தலைகால் புரியாது!

அடுத்தநாளே சபதத்தை மீறி டாக்டரிடம் போனேன். மெஷினில் ஏற்றினார். அதே எண்பத்தாறு. பிறகு முட்டியை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறச் சொன்னார். ஏறினேன். இறங்கினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"கால் நல்லா வலுவாயிடுச்சே ஐயா! எடை நின்னா என்ன, மெதுவா ஏறலாம். ஒவ்வொரு மாடியிலயும் உக்காந்து உக்காந்து ஏறுங்க. முன்னாடியே வந்திருக்கலாமே, ஏன் வரல?"

ஏன் வரவில்லையா! அவர் சொன்ன எண்ணுக்காகத்தானே வரவில்லை! அவர் சொன்னது "அப்புறம் பாக்கலாம்". என் காதில் விழுந்தது எண்பது மட்டும். இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்க் கொட்டுவேன்?

இந்த மேடையில்தான் கொட்டுவேன்! சொல்லுங்கள் பெரியோர்களே, அந்த முள் எதை அளக்கிறது? நான் தரையை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதை அளக்கிறது. வேறென்ன தெரியும் அதற்கு? என் கால் வலுத்தது தெரியுமா? மூச்சு நீண்டது தெரியுமா? மூன்றாம் மாடியில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்றாவது தெரியுமா? குளியலறை மூலையில் சோப்பு நுரையில் கிடக்கும் ஒரு தகரத்திடம் போய், "நான் என் அக்காவைப் பார்க்கலாமா? நான் சந்தோஷமாக இருக்கலாமா?" என்று தினமும் ஏறி நின்று அனுமதி கேட்டேனே! அது "இல்லை" என்றதும் தலையைத் தொங்கப்போட்டு இறங்கினேனே!

தளராமல் இருப்பது எப்படி என்று கேட்டீர்களே தலைவரே, தளரத்தான் தளர்வோம். எரிச்சல் வரத்தான் வரும். எனக்கு இன்னும் அடங்கவில்லை. எரிச்சலோடு நடங்கள்! திட்டிக்கொண்டே நடங்கள்! மெஷினை வேண்டுமானால் உதையுங்கள், ஆனால் நடையை நிறுத்தாதீர்கள். எதற்காக நடக்கத் தொடங்கினீர்களோ, அந்த வீட்டு வாசலைப் பார்த்து நடங்கள். முள் வந்தால் வரட்டும், வராவிட்டால் அங்கேயே கிடக்கட்டும்!

கை தட்டினது போதும். மேலேர்ந்து என்னவோ சத்தம் வருது. என்ன அக்கா? "பேசியே சாகடிக்காத, ஏறி வா"ங்கறா. பாத்தீங்களா, விருந்தாளிக்கு மரியாதை!

ஆமாம் ஐயா, இன்றுதான் அந்த நாள். ஒவ்வொரு மாடியிலும் மன்றத்து நண்பர்கள் எனக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. தலைப்புக் கொடுத்த தலைவருக்கு நன்றி. என் கட்டைவிரலைக் கண்டுபிடித்த அக்காவுக்கு நன்றி. நகம் வெட்டிட்டேன் அக்கா.

பிரித்துவிட்ட பேண்ட்டோடு வந்த காரணம் இப்போது புரிகிறதா? ஒரே ஒரு பேண்ட்டில், ஒரே ஒரு நாள், எல்லா மடிப்பையும் பிரித்துக் கொடு என்று கெஞ்சினேன். இது அத்தனையும் என் அக்கா கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு சின்னச் சிக்கல். ஒரு கை கைத்தடிக்கு வேண்டும். ஒரு கை மாடிக் கைப்பிடிக்கு வேண்டும். பேண்ட்டை யார் பிடிப்பது? என்ன சொல்ற? சத்தமா சொல்லு. "பின்னாடியே வந்து நான் பிடிச்சுக்கறேன்"ங்கறா என் வீட்டுக்காரி. இத்தனை நாளா எனக்குத் தெரியாமல் பிடித்தாயே, இன்றைக்கு ஊரறியப் பிடி!

ஆகவே சபையோரே, இந்த மைக்குக்கு என்னிடம் கை இல்லை. இவன் மைக்கை விட்டு இறங்குவதற்கு என்னதான் வழி என்று எத்தனையோ கூட்டத்தில் ஏங்கினீர்களே, இதோ விடுகிறேன்.

அக்கா, கதவத் தொறந்து வை. தம்பி வரேன்.

எல்லாருக்கும் வணக்கம்!