தண்ணீர் தெளித்த ரொட்டி

ரொட்டியில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. அப்போதுதான் முதலாவது எறிகணை வருகிறது.

தூரத்தில் ஒரு குத்து. டும். பிறகு கூவல். கூவல் தலைக்கு மேலால் போனால் எங்களுக்கில்லை. நடுவில் அறுந்தால் எங்களுக்கு. இது மேலால் போகிறது. கிணற்றுப் பக்கம்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

யார் கத்தியது என்று தெரியாது. நான் பதுங்குகுழி வாசலில் குப்புற விழுகிறேன். அம்மா உள்ளே. என் முகத்துக்கு நேரே ஒரு சட்டி மூடி. மூடியில் தம்பியின் ரொட்டி. ஓரத்தில் ஒரு சின்ன வெங்காயம். மண் விழாமல் என் கையால் மூடிக்கொண்டு கிடக்கிறேன். ஏன் அதை மூடினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

தம்பி அங்கே இல்லை. தம்பி கிணற்றுக்குப் போயிருந்தான்.

இரண்டாவது. மூன்றாவது. பிறகு சத்தமெல்லாம் ஒரே சத்தம்.

அது இரண்டாயிரத்து ஒன்பது, மாசி மாதம். காலை. வெயில் இன்னும் சுடவில்லை. தேவிபுரத்துக்குக் கிட்ட ஒரு தென்னங்காணி. எங்களுடைய ஊர் அதுவல்ல. எங்கள் ஊர் மன்னாரில் இலுப்பைக்கடவை. வயல்காரர் நாங்கள். முந்தின ஆடியில் வெளிக்கிட்டோம். அம்மா, நான், தம்பி நேசன். நெல்லும் மாடும் முதலில் போயின. பிறகு உழவு இயந்திரம். பிறகு உடுப்புப் பெட்டி. அதற்குள்தான் எங்கள் படங்கள் எல்லாம் இருந்தன.

கடைசியில் மிஞ்சியது நிவாரண மாவும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும். எங்கள் எள்ளில் ஆட்டிய எண்ணெய். போத்தலை நேசன் தன்னோடு வைத்திருந்தான். யாரிடமும் கொடுக்கமாட்டான்.

ரொட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

பகலில் அடுப்பு மூட்டப் பயம். மேலே வேவு விமானம் இரையும். வண்டு என்று சொல்வோம். புகையைக் கண்டால் செல் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆகவே அடுப்பு மூட்டக் கிடைக்கிற நேரத்தில் அம்மா ஒரேயடியாக நிறைய ரொட்டி சுடுவார். தகரத்தில் பரப்பிக் காயவைப்பார். கல்லுப்போல ஆகிவிடும். பூஞ்சணம் பிடிக்காது. நாங்கள் அதை உடைத்து வெறுந்தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்போம். பல்லுக்கும் தொண்டைக்கும் நோ.

நேசன் அப்படித் தின்னமாட்டான். ரொட்டியை இடது உள்ளங்கையில் வைப்பான். வலது கை விரல்களைத் தண்ணீரில் நனைத்துத் தெளிப்பான். மெதுவாக. கோவிலில் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி. பொறுப்பான். ஊறினதும் எண்ணெய் கொஞ்சம் விடுவான். வெங்காயமோ தக்காளியோ அகப்பட்டால் கசக்கிப் போடுவான். உப்பு. அதற்குப் பிறகுதான் வாய்க்குப் போகும்.

"துரைக்கு விருந்து நடக்குது. செல்லடிக்கிறவனும் கொஞ்சம் பொறுக்கவேணும்," என்று அம்மா நக்கலடிப்பார்.

"உங்கட ரொட்டியை எறிஞ்சாலே சண்டை நிண்டிடும் அம்மா," என்பான் அவன்.

சிரித்திருக்கிறோம். நம்புங்கள். அந்தக் குழிக்குள் சிரித்திருக்கிறோம்.

அன்றைக்குத் தெளித்ததோடு தண்ணீர் முடிந்துபோனது. தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு எழும்பினான். எண்ணெய்ப் போத்தல் வழமைபோல இடுப்பில்.

"அக்கா, ஊறட்டும். தொட்டிடாதை. தண்ணி அள்ளிக்கொண்டு வாறன்."

அதுதான்.

சத்தம் ஓய்ந்ததும் ஓடினேன். கிணற்றடியில் சனம். பாதிச் சனம் எழும்பவில்லை. ஒவ்வொரு முகமாகப் பிரட்டிப் பார்த்தேன். முகம் இல்லாதவர்களின் காலைப் பார்த்தேன். நேசன் இல்லை. கானும் இல்லை. போத்தலும் இல்லை. எண்ணெய் மணம் இருக்கிறதா என்று மண்ணைக்கூட மணந்து பார்த்தேன். வெடிமருந்து மணம்தான்.

"காயக்காரரை ஏத்திக்கொண்டு போட்டினம்! நிக்காதேங்கோ! அடுத்தது வருது! ஓடுங்கோ!"

யாரோ ஓடிக்கொண்டே கத்தினார். ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்தேன். ஏற்றியிருந்தால் உயிரோடு ஏற்றியிருப்பார்கள்.

திரும்பி வந்தபோது ரொட்டி கரைந்து களியாகிக் கிடந்தது. அம்மா அதை ஒருவரையும் தொடவிடவில்லை. பங்குனியில் மாத்தளன் மணலில் அம்மாவும் போனார். நெஞ்சில் ஒரு செல் துண்டு. சின்னத் துண்டு. புதைக்கும்போதும் மேலே செல் கூவிக்கொண்டிருந்தது.

சண்டை முடிந்து, அகதி முகாமில் இருந்து விட்டபிறகு இலுப்பைக்கடவைக்குத் திரும்பினேன். தனியே இருக்க முடியவில்லை. காற்றுக்குத் தகரம் அடித்தாலும் குப்புற விழுவேன். வங்காலைக்கு வந்தேன். மீன்பிடிக்கிற சனம், வேதக்காரர். றெஜினாக்கா என்பவரின் சாப்பாட்டுக் கடையில் விடிய இடியப்பம் அவிக்கிறேன். இன்றைக்கும் அதுதான் வேலை.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் படம் கேட்டார்கள். இல்லை என்றேன். தழும்பு, மச்சம் கேட்டார்கள். இல்லை. வேறு அடையாளம்? ரொட்டிக்குத் தண்ணீர் தெளித்துத் தின்னுவான் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அது அடையாளத்தில் சேராது அம்மா என்றாள். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அவனுடைய முகம் எனக்கே மங்கிவிட்டது. கைதான் தெளிவாக வரும். தெளிக்கிற கை.

போன வருடம், பெரிய வெள்ளி முடிந்த கையோடு, பிலேந்திரன் கடைக்கு வந்தார். வங்காலைப் பிள்ளை. சரக்குக் கப்பலில் வேலை. விடுமுறையில் வந்து நின்றவர். றெஜினாக்கா அவரைச் சீண்டினார்.

"கப்பல்காரத் தம்பி, உங்கட வெள்ளைக்காரர் காலமைக்கு என்ன தின்னுறவை? அவைக்கு எங்கட சொதி கிடைக்குமோ?"

"கிடைச்சா ஏனக்கா இஞ்ச வந்து உங்கட தண்ணிச் சொதியக் குடிக்கிறன்?" என்று அவர் சிரித்தார். பிறகு சொல்லிக்கொண்டு போனார். "கிரீஸ் நாட்டில ஒரு தீவு. விடியக்காலமை. கோப்பிக் கடை இன்னும் திறக்கேல்ல. வெளிக் கதிரையில ஒருத்தன் தனிய இருக்கிறான். எங்கட நிறம். கையில ஒரு காய்ஞ்ச பாண் துண்டு. நாய்க்கு எறிஞ்சா நாய் செத்திடும், அப்பிடி. அதுக்கு விரலால தண்ணி தெளிக்கிறான். பொறுக்கிறான். எண்ணெய் விடுறான். தக்காளியக் கசக்கி உப்புப் போடுறான். தமிழோ எண்டு கேட்டன். பாத்திட்டு எழும்பிப் போட்டான். எனக்குக் கப்பலுக்கு நேரம், பின்னால போகேலாமல் போச்சு."

என் கையிலிருந்த இடியப்பத் தட்டு விழுந்தது.

"எந்தக் கையில வைச்சிருந்தவன்?"

"இடக் கையில அக்கா. ஏன்?"

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. சந்தோசத்தில் என்று நினைக்காதீர்கள். பயத்தில். அங்கே குளிராமே, கம்பளி வைத்திருப்பானோ. பொலிஸ் பிடித்தால்? தலையில் அடிபட்டுப் பெயரை மறந்திருப்பானோ. தமிழோ என்று கேட்டதும் ஏன் எழும்பிப் போனான்? பயந்திருப்பான். எங்களில் யார்தான் பயப்படவில்லை? அம்மா எங்கே என்று அவன் கேட்டால் என்ன சொல்வேன்? அதை நினைத்து நினைத்தே அழுதேன். திருக்கேதீச்சரத்துக்கு நேர்ந்தேன். ஒரு நல்லெண்ணெய்ப் போத்தல் வாங்கி அலுமாரியில் வைத்தேன். ரொட்டியும் சுட்டுக் காயவைத்தேன். உலகத்தில் இப்படித் தின்னுகிறவன் அவன் ஒருவன்தானே.

பிலேந்திரன் நல்ல பிள்ளை. அந்தத் துறைமுகத்துக்குத் திரும்பவும் கப்பல் போனால் கட்டாயம் தேடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். ஐப்பசியில் போனது.

மழை. காலைச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்துவிட்டது. அங்கே அப்போதுதான் விடிந்து கொஞ்ச நேரமாம். றெஜினாக்காவின் கைபேசியில் அவர் முகம் வந்தது. சிரிக்கவில்லை.

"அக்கா, அந்தக் கடைதான். பாருங்கோ."

கைபேசியைத் திருப்பினார். கடை நிறையச் சனம். வெள்ளைக்காரர். தொப்பி போட்ட கிழவர். வலை பின்னுகிற ஒருவர். மடியில் பிள்ளையோடு ஒரு பெண். ஒவ்வொருவர் முன்னாலும் காய்ந்த பாண். தெளிக்கிறார்கள். பொறுக்கிறார்கள். எண்ணெய் விடுகிறார்கள். தக்காளியைக் கசக்குகிறார்கள். ஒருவர் ஒலிவ் காய் வைத்துக் கடிக்கிறார். ஒருவர் வெள்ளைக் கட்டியை உதிர்த்துப் போடுகிறார்.

"அது பாற்கட்டி அக்கா. பாண் பார்லி மாவில சுடுறது. ரெண்டு தரம் சுட்டுக் காயவைப்பினமாம். கடலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் போறவை கொண்டு போறதாம். பழுதாகாது. முப்பாட்டன் காலத்திலயிருந்து இதுதான் காலமைச் சாப்பாடாம்." அவர் குரல் இறங்கியது. "இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் தின்னுகினம் அக்கா. எனக்கு அண்டைக்குத் தெரியாது."

றெஜினாக்கா என் தோளைப் பிடித்தார். நான் கேட்டேன்.

"அந்தத் தம்பி?"

"நிக்கிறார். காட்டட்டோ?"

"காட்டுங்கோ."

ஒரு முகம் வந்தது. கறுவல். மெல்லிய தாடி. முப்பது வயதுகூட இராது. நேசனுக்கு இப்போது நாற்பது. வங்காளதேசத்துப் பிள்ளையாம். மீன் வள்ளத்தில் வேலை. இந்த ஊருக்கு வந்த பிறகுதான் இப்படித் தின்னப் பழகினானாம். அன்றைக்குப் பொலிஸ் என்று நினைத்து எழும்பிப் போனானாம். கையை நெற்றிக்குக் கொண்டுபோய் எனக்குச் சலாம் சொன்னான்.

எனக்கு வாயில் வந்தது இதுதான்.

"அவருக்குத் தாய் சகோதரம் இருந்தா வீட்டுக்குக் கதைக்கச் சொல்லுங்கோ. ஒவ்வொரு நாளும் கதைக்கச் சொல்லுங்கோ."

பிலேந்திரன் அதைச் சொன்னார். அவன் தலையாட்டினான். இணைப்பு அறுந்தது. மழைச் சத்தம் தகரத்தில். நான் குப்புற விழவில்லை. அதைக் கவனித்தேன்.

இடக் கையில் வைத்திருந்தான் என்று பெரிதாகப் பிடித்துக்கொண்டேனே. வலது கையால் தெளிக்கிற எவரும் இடது கையில்தான் வைப்பார்கள். அதுகூட எனக்கு யோசனையில் வரவில்லை.

எண்ணெய்ப் போத்தலைக் கடையில் கொடுத்துவிட்டேன். றெஜினாக்கா வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். காயவைத்த ரொட்டியை அடுத்த வீட்டுக் கோழிக்கு இடித்துப் போட்டேன்.

போனவற்றை இதை வாசிக்கிறவர்களுக்கு எண்ணிச் சொல்கிறேன். மறக்கவேண்டாம்.

அம்மா, ஒன்று. மாத்தளனில். இடம் இப்போது கண்டுபிடிக்க முடியாது.

மாடு, ஏழு. உழவு இயந்திரம், ஒன்று. இரண்டு போக நெல்.

படம் வைத்த பெட்டி, ஒன்று.

தண்ணீர்க் கான், ஒன்று. எள்ளெண்ணெய், அரைப் போத்தல்.

தம்பி, ஒன்று. தேவிபுரத்தில், கிணற்றுக்குப் போன வழியில்.

தம்பியின் கை. அதையும் எழுதவேண்டும். முன்பு கண்ணை மூடினால் வரும். இப்போது மூடினால் அந்தக் கோப்பிக் கடை வருகிறது. எல்லாக் கைகளும் தெளிக்கின்றன. அதில் நேசனின் கை எது என்று எனக்குத் தெரியவில்லை.