பத்தொன்பது நாள்

காண்ட்ராக்டர்: ...அப்போ இத்தனை தூரம் வந்தது வீண்தானா மேடம்?

வக்கீல்: வீண்னு நான் சொல்லல. ஆறு நாள்தான் மிச்சம்னு சொன்னேன். கடைசியா வேலை பாத்த தேதியிலேருந்து தொண்ணூறு நாளுக்குள்ள, பாக்கிக்காக அந்தக் கட்டடத்து மேல உங்களுக்கு உரிமை இருக்குன்னு பதியணும். பதிஞ்சுட்டா, உங்க பாக்கியத் தீர்க்காம சொந்தக்காரரால அதை விக்க முடியாது.

காண்ட்ராக்டர்: எண்பத்திநாலு நாள் போயிடுச்சா...

வக்கீல்: இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?

காண்ட்ராக்டர்: போய்க் கேட்டுட்டுதான் இருந்தேன். காபி குடுப்பாங்க, பேச்ச மாத்துவாங்க.

வக்கீல்: இப்ப மட்டும் எப்படி வந்தீங்க?

காண்ட்ராக்டர்: சைட்ல கம்பி கட்டினவரு, கூலி பாக்கிக்காக நேத்து என் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டாரு. சத்தம்கூடப் போடல. சும்மா உக்காந்திருந்தாரு... அதான் தாங்கல. என் சைட் சூப்பர்வைசர்தான் உங்ககிட்ட போகச் சொன்னாரு.

வக்கீல்: சரி. அவங்க அனுப்பின நோட்டீஸப் படிச்சீங்களா?

காண்ட்ராக்டர்: லைசென்ஸ் இல்லாதவனுக்குக் காசு கிடையாதுன்னு இருக்கு. இருபத்திரெண்டு வருஷமா லைசென்ஸ் வெச்சிருக்கேன் மேடம்.

வக்கீல்: நடுவுல பத்தொன்பது நாள் இல்ல. புதுப்பிக்க மறந்திருக்கீங்க.

காண்ட்ராக்டர்: ...ஆமா.

வக்கீல்: அதத்தான் புடிச்சுக்கிட்டாங்க. அந்த நாள்ல ஒரு செங்கல் வெச்சிருந்தாலும் சிக்கல்.

காண்ட்ராக்டர்: ஒண்ணும் நடக்கல. சைட்டப் பூட்டி வெச்சிருந்தோம்.

வக்கீல்: ஏன்?

காண்ட்ராக்டர்: மழைன்னு வெச்சுக்குங்களேன்.

வக்கீல்: நான் வெச்சுக்கலாம், கோர்ட்டு வெச்சுக்காது. ஏன் பூட்டினீங்க?

காண்ட்ராக்டர்: வீட்ல ஒரு விசேஷம்... பொண்ணு கல்யாணம்.

வக்கீல்: நல்லதாப் போச்சு. பத்திரிகை ஒண்ணு குடுங்க, தேதி இருக்கும். சாட்சிக்கு ஆகும்.

காண்ட்ராக்டர்: பத்திரிகை வேணாம் மேடம்.

வக்கீல்: ஏன் வேணாம்?

காண்ட்ராக்டர்: அதுல மாப்பிள்ளையோட அப்பா பேரு இருக்கும்.

வக்கீல்: இருந்தா?

காண்ட்ராக்டர்: இந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரும் அவருதான்.

வக்கீல்: ம்... இத எப்ப சொல்றதா இருந்தீங்க?

காண்ட்ராக்டர்: ரெண்டாவது மாடிக்கு கான்கிரீட் போடறப்போ பொண்ணு கேட்டாங்க. நல்ல இடமாச்சேன்னு குடுத்தேன். இப்ப கேட்டா, சம்பந்தி ஆயிட்டோம், நமக்குள்ள என்ன பில்லுன்னு சிரிக்கிறாரு.

வக்கீல்: சிரிச்சுக்கிட்டே நோட்டீஸும் அனுப்பியிருக்காரு.

காண்ட்ராக்டர்: பொண்ணு அந்த வீட்ல இருக்கா மேடம். நான் பதிஞ்சா தினம் அவதான் பேச்சு வாங்கணும். விட்டுடலாம். கலவை மிஷின வித்து கம்பிக்காரருக்குக் குடுத்துடறேன். ஃபைலக் குடுங்க.

வக்கீல்: உக்காருங்க.

காண்ட்ராக்டர்: இல்ல, பஸ்ஸு...

வக்கீல்: அடுத்த பஸ்ஸுல போகலாம், உக்காருங்க. பத்திரிகை எங்கிட்டயே இருக்கு, நீங்களா சொல்றீங்களான்னுதான் கேட்டுப் பாத்தேன்.

காண்ட்ராக்டர்: உங்ககிட்ட எப்படி...?

வக்கீல்: போன வாரம் உங்க பொண்ணு கொண்டாந்து குடுத்தா. உங்கள இங்க அனுப்பச் சொல்லி சூப்பர்வைசர்கிட்ட சொன்னதும் அவதான்.

காண்ட்ராக்டர்: அவ முந்தாநாள்கூட போன் பண்ணாளே... எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு சொன்னாளே.

வக்கீல்: ஹாஸ்டல்லேருந்து பேசியிருப்பா. உங்க பாக்கியக் குடுங்கன்னு அவ கேட்டதுல சண்டை. அந்த வீட்ட விட்டு வந்து இருபது நாளாச்சு. "அப்பா காதுல விழுந்தா, கேஸே வேணாம்னு போய் அவங்க கால்ல விழுந்துடுவாரு. அவரு பதிஞ்சு முடிக்கட்டும் மேடம், அப்புறமா நான் அப்பா வீட்டுக்குப் போறேன்"னு சொன்னா.